திரைச்சீலை வாங்குமுன் மேல்விளிம்பைப் பாருங்கள்

கடையில் திரைச்சீலை கேட்டவுடன் நிறத்தையும் பூவேலையையும்தான் முதலில் விரித்துக் காட்டுவார்கள். ஆனால் கம்பியில் எப்படித் தொங்கும், எத்தனை மீட்டர் துணி பிடிக்கும், தினமும் இழுத்து மூட எளிதாக இருக்குமா என்பதையெல்லாம் முடிவு செய்வது சீலையின் மேல்விளிம்பே. ஆகவே அதை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுத் துணிக்குப் போவதே முறை.

மேல்விளிம்பில் கம்பி நுழையுமாறு குழல் போலத் தைப்பது பழைய, சிக்கனமான வகை. சன்னலின் கீழ்ப்பாதியை மட்டும் மறைக்க ஸ்பிரிங் கம்பியில் கோத்துக் கட்டும் அரைச்சீலைகள் பெரும்பாலும் இப்படித்தான் தைக்கப்படுகின்றன. துணி கம்பியை இறுகப் பற்றிக்கொள்வதால், அடிக்கடி திறந்து மூடும் இடத்திற்கு இது சரிப்படாது.

இன்று ஆயத்தமாக விற்பவற்றில் பெரும்பாலானவை ஐலெட் வகை; உலோக அல்லது பிளாஸ்டிக் வளையங்கள் துணியிலேயே பதிக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது வளையங்களை எண்ணிப் பாருங்கள். இரட்டைப்படையில் இருந்தால்தான் சீலையின் இரு ஓரங்களும் சுவர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கும்; ஒற்றைப்படையானால் ஓர் ஓரம் அறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும். கம்பியின் நடுவில் தாங்கி இருந்தால் வளையம் அதைத் தாண்டாது என்பதால், தாங்கிக்கு இருபுறமும் தனித்தனிச் சீலை தொங்கவிட வேண்டும்.

மூன்று மூன்று மடிப்புகளாகக் கொய்து, பின்புறம் நாடா வைத்துத் தைத்து, கொக்கி மாட்டித் தண்டவாளம் போன்ற டிராக்கில் ஓடவிடுவது கொசுவ மடிப்பு வகை. தையற்கூலியும் துணியும் கூடுதலாகும். எனினும் அகலமான கூடத்துச் சன்னலுக்கு இதுவே சிறந்தது என்பது என் கருத்து; எவ்வளவு கனமான துணியானாலும் மடிப்பு குலையாமல் விழும்.

அளவெடுக்க வேண்டியது சன்னலை அல்ல, கம்பியை. சன்னலின் இருபுறமும் அரை அடி நீளுமாறு கம்பியைப் பொருத்தினால், சீலையை ஒதுக்கும்போது சன்னல் முழுவதும் திறந்து வெளிச்சமும் காற்றும் தடையின்றி வரும். நான்கடிச் சன்னலுக்குக் கம்பி ஐந்தடி. ஐலெட் வகைக்குக் கம்பியின் நீளத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கும், கொசுவ மடிப்புக்கு இரண்டரை மடங்கும் துணி அகலம் தேவை. 54 அங்குல அகலத் துணியானால் முன்னதற்கு இரண்டு பாகம், அதாவது முழு அகலத் துண்டுகள் இரண்டு, ஏறக்குறையப் போதும். பின்னதற்கு மூன்று வேண்டும். நான்கடி அகலமுள்ள ஆயத்தச் சீலைகள் இரண்டை மட்டும் மாட்டினால், மூடும்போது அலை குறைந்து துணி சற்றுத் தட்டையாகத் தெரியும்.

நீளத்திற்கு 5 அடி சன்னலுக்கும் 7 அடி வாசலுக்கும் என்று கடைகளில் வைத்திருப்பார்கள். ஆனால் கம்பி எந்த உயரத்தில் அமைகிறதோ அங்கிருந்து தரை வரை அளந்து, பெருக்கித் துடைக்க வசதியாக அரை அங்குலம் குறைத்துக்கொள்வதே நல்லது. சன்னலுக்கு நேர் மேலே பெரும்பாலும் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரமான லிண்டல் இருக்கும்; சாதாரணத் துளையிடும் கருவி அங்கே திணறும் என்பதால் ஹாமர் டிரில் உள்ளவரையே அழைக்க வேண்டும்.

கீழ்விளிம்பின் மடிப்பு நான்கு அங்குலமாவது இருக்கட்டும். அந்தக் கனம்தான் துணியை நேராக இழுத்து நிறுத்துகிறது. பருத்தி சுருங்கினால் பிரித்து நீட்டவும் உதவும். மேற்கு வெயில் விழும் சன்னலுக்குப் பின்புறம் லைனிங் துணி தைப்பது அவசியம். இல்லையேல் முன்துணியின் சாயம் விரைவில் வெளுக்கும். லைனிங்கை முன்துணியைவிட ஓர் அங்குலம் குட்டையாக வைத்தால் கீழே எட்டிப் பார்க்காது. பகலில் மெல்லிய வலைத்துணியும் இரவில் கனத்த சீலையும் வேண்டுமென்றால் இரட்டைக் கம்பி பொருத்த வேண்டும். வலைத்துணி சன்னலை ஒட்டிய உட்கம்பியில் வரும்.

கம்பியை மறைக்கும் மரப்பெட்டியான பெல்மெட் தூசு சேர்க்குமிடம். டிராக்கை மறைக்க வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் தவிர்த்துவிடலாம். சீலையை ஒதுக்கிக் கட்டும் பட்டையை மீதத் துணியிலேயே தைத்துத் தருமாறு தையற்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். துணியை வெட்டி முடித்தபின் கேட்டால் அதே துணி கிடைக்காமல் போகலாம்.