டங்கரீஸ் அணிந்து துடுப்புப் படகில் ஏறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பை மறைக்கும் ஒரு துண்டும், தோள்களின் மேலாக வந்து அதில் மாட்டிக்கொள்ளும் இரண்டு வார்களும் உடைய முழுநீளக் கால்சட்டையைச் சென்னையில் டங்கரீஸ் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். குழந்தைகளுக்கும் கல்லூரி மாணவிகளுக்கும் உரிய உடை என்று எண்ணப்பட்ட இதை, முட்டுக்காட்டிலும் கோவளத்திலும் பழவேற்காட்டிலும் கனோ, கயாக் போன்ற துடுப்புப் படகுகளில் ஏறுகிறவர்களிடமும், மலைப்பகுதிகளில் கூடாரமடித்துத் தங்குகிறவர்களிடமும் இப்போது அடிக்கடி காண்கிறேன். நானும் பல ஆண்டுகளாக இதை விரும்பி அணிகிறவள்தான். ஆகவே இந்த உடையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. துணிக்கடையின் கண்ணாடிக்கு முன் நிமிர்ந்து நின்று, உடல் உலர்ந்திருக்கும் நிலையில், அழகாக இருக்கிறதா என்று பார்த்து இதை வாங்கிவிடுகிறோம்; படகிலோ நாம் நனைந்திருப்போம், குனிந்திருப்போம், முழங்காலிட்டிருப்போம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்காததால் வருபவை.

முதலில் இதன் நன்மையைச் சொல்லிவிடுவது நியாயம். கனோவில் முழங்காலிட்டுத் துடுப்பு போடும்போது சாதாரணப் பேன்ட்டின் இடுப்புப் பட்டை வயிற்றை அழுத்தும்; சட்டை மேலேறி முதுகு வெயிலில் காயும்; பின்னால் இருப்பவர் தெறிக்கவிடும் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். டங்கரீஸில் இந்தத் தொல்லைகள் இல்லை. எடை முழுவதும் தோளில் தொங்குவதால் இடுப்பு தளர்வாக இருக்கும், முதுகும் மூடியிருக்கும். இவ்வளவு வசதியான உடையைத் தவறான துணியில் வாங்குவதுதான் முதன்மையான பிழை.

கடைகளில் கிடைக்கும் டங்கரீஸ்களில் பெரும்பாலானவை தடித்த டெனிம் துணியில் தைத்தவை. டெனிம் என்பது பருத்தி. பருத்தி இழை தண்ணீரைத் தன் மேற்பரப்பில் மட்டும் தாங்குவதில்லை, உள்ளுக்குள்ளும் உறிஞ்சிக்கொள்கிறது. சாதாரணக் காற்றில் உள்ள ஈரப்பதத்திலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரை ஏற்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. ஒருமுறை என் டெனிம் டங்கரீஸை வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். உலர்ந்தபோது ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது, வாளியில் அரை மணி நேரம் ஊறவைத்து இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிழிந்த பிறகும் இரண்டு கிலோவைத் தாண்டியது. கார்த்திகை மாதத்து மப்பும் மந்தாரமுமான நாள் அது. மொட்டைமாடிக் கொடியில் காலையில் போட்டதை மறுநாள் மாலையில் எடுத்தபோதும் மார்புத் துண்டின் இரட்டை மடிப்பும் பைகளின் ஓரங்களும் ஈரமாகவே இருந்தன. அதே கொடியில் தொங்கிய நைலான் கலந்த மெல்லிய டங்கரீஸ் முதல் நாள் பிற்பகலிலேயே காய்ந்துவிட்டது. வீட்டில் இது வெறும் வேடிக்கை. மாற்றுடை ஒன்றே ஒன்று இருக்கும் கூடாரத்தில், காலையில் ஈர டெனிமுக்குள் மீண்டும் காலை நுழைக்க வேண்டியிருக்கும்போது இது வேடிக்கையாக இராது. ஈரத் துணியும் உப்பும் மணலும் சேர்ந்து தொடையிடுக்கில் உராய்ந்தால் இரண்டாம் நாளே தோல் உரிந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அங்கே படை வருவதற்கும் நாளாகாது.

சென்னைக் கடலோரத்தில் தண்ணீர் ஒருபோதும் குளிர்ந்து உறைய வைப்பதில்லை என்பதால், நனைந்த பருத்தி நமக்கு எரிச்சலைத் தருமே தவிர உயிருக்கு ஆபத்தாகாது. இந்தப் பழக்கத்தோடு வெளிநாடு போகிறவர்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். டொராண்டோவில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்கப் போய், அங்கிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள அல்கான்குயின் பூங்காவில் கனோ ஓட்டிவிட்டு வந்தோம் என்று சொல்லும் குடும்பங்கள் நம் தெருக்களிலேயே உண்டு. 1893இல் நிறுவப்பட்ட அந்தப் பூங்காவின் ஏரிகளில் மே மாதத்தில் வெயில் பளிச்சென்று அடிக்கும். தண்ணீரோ அப்போதுதான் பனிக்கட்டி உருகி முடிந்த தண்ணீர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிகளும் அப்படியே. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகத்தில் தண்ணீர் உடலின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழக ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் விழுந்தவர்களுக்காக 1-10-1 என்ற எளிய கணக்கைப் பரப்பியவர்: மூச்சு நிதானத்துக்கு வர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம். அந்த 10 நிமிடத்துக்குள் படகிலோ கரையிலோ ஏறியாக வேண்டும். ஏறிய பிறகு உடலோடு ஒட்டிக்கொண்டு குளிரூட்டும் டெனிமைக் கழற்றி உலர்ந்த உடை மாற்ற வேண்டும். அங்கே போகிறவர்கள் உள்ளே மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உடையும், மேலே விரைவில் காயும் துணியில் தைத்த டங்கரீஸும் அணிவதே சரி. வானம் வெளுத்திருக்கிறது என்பதற்காகத் துணியைத் தீர்மானிக்கக் கூடாது, தண்ணீரின் குளிர்ச்சியைக் கேட்டறிந்து தீர்மானிக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்த வேண்டும். டங்கரீஸுக்குள் தண்ணீர் புகுந்தால் அந்த எடையே ஆளைக் கீழே இழுத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்குத் தனி எடை கிடையாது, அது நம்மை அடியில் இழுக்காது. ஆனால் அகன்ற கால்களுக்குள் தண்ணீர் நிறைந்தால் கால் உதைத்து நீந்துவது கடினமாகும். படகின் விளிம்பைப் பிடித்து உடலை மேலே தூக்கும் அந்த நொடியில், உள்ளே தேங்கிய தண்ணீர் முழு எடையோடு தொங்கும். பதறிக் கைகால்களை அடித்துக்கொள்வதைவிட, லைஃப் ஜாக்கெட்டின் மிதப்பை நம்பி நிதானமாக இருந்து, ஏறும்போது மெல்ல மெல்லத் தண்ணீரை வடியவிட்டு ஏறுவதே வழி. கணுக்கால் பக்கம் வெல்க்ரோ பட்டையோ நாடாவோ வைத்து இறுக்கிக்கொண்டால் தண்ணீர் சுற்றுவதும் குறையும், பழவேற்காட்டுச் சேறும் சிப்பியும் உள்ளே ஏறுவதும் குறையும்.

ஏறுவதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் கனோ கவிழ்ந்தது. ஆபத்து ஏதுமில்லாத இடம். படகை நிமிர்த்தி, விளிம்பின் மேல் மார்பைப் போட்டு ஏற முயன்றேன். பாதி உடல் மேலே வந்ததும் நகர முடியவில்லை. மார்புத் துண்டின் இடப்பக்கத்து இரும்புப் பக்கிள், குறுக்குப் பலகையில் சுற்றியிருந்த கயிற்றுக்குள் நுழைந்து மாட்டியிருந்தது. கீழே இறங்கவும் முடியாது, மேலே போகவும் முடியாது. பக்கிள் என் உடம்புக்கும் பலகைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்ததால் விரலும் எட்டவில்லை. பக்கத்தில் வலை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து என்னைத் தோளோடு பின்னால் இழுத்துக் கயிற்றைத் தளர்த்தினார். “தண்ணியில எறங்குறப்ப ஒடம்புல கொக்கி இருக்கக் கூடாதும்மா. எங்க வலையே எங்கள இழுத்துரும்னுதான் நாங்க பட்டன் வெச்ச சட்டகூட போட மாட்டோம்” என்றார். இடுப்பளவுத் தண்ணீரில் இது வெட்கத்தோடு முடிந்தது. ஓடும் ஆற்றில், கவிழ்ந்த படகுக்கு அடியில் இது நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே மனம் கூசுகிறது.

அன்றிலிருந்து என் டங்கரீஸ்களில் இரும்புப் பக்கிள் கிடையாது. முதுகுப்பைகளில் வருவதுபோன்ற, இரண்டு பக்கமும் அழுத்தினால் விடுபடும் தட்டையான பிளாஸ்டிக் கிளிப்பைத் தையற்காரரிடம் கொடுத்து மாற்றித் தைத்துக்கொண்டேன். ஈரக் கையால், கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் அதைக் கழற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே பத்து முறையாவது பழகிப் பார்க்க வேண்டும். தொடைப் பக்கத்தில் சுத்தியல் தொங்கவிட வைத்திருக்கும் துணி வளையத்தையும் வெட்டிவிடுவது நல்லது, அதுவும் ஒரு கொக்கிதான். இரும்புப் பக்கிளுக்கு இன்னொரு குற்றமும் உண்டு. கனடிய ஏரிப் பயணங்களில் ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகைக் கவிழ்த்துத் தோளில் சுமந்து நடப்பார்கள். போர்ட்டேஜ் என்று அதற்குப் பெயர். படகின் நடுவில் குறுக்காக உள்ள நுகத்தடி போன்ற மரச்சட்டம் சரியாக வார் இருக்கும் இடத்தில்தான் உட்காரும். வார் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, அதை நீளம் குறைக்கும் இரும்பு வளையம் தோள் எலும்பின் மேல் இருந்தாலோ, அரைக் கிலோமீட்டர் நடப்பதற்குள் தோள் கன்றிவிடும். முதுகுப்பை சுமக்கும் நம் மலையேற்றக்காரர்களுக்கும் இதே வலி வரும்.

லைஃப் ஜாக்கெட்டை எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே அணிய வேண்டும். படம் எடுத்தால் டங்கரீஸ் தெரிய வேண்டும் என்று ஜாக்கெட்டை உள்ளே போட்டு வாரை மேலே மாட்டியவர்களைக் கோவளத்தில் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் ஜாக்கெட்டை இறுக்கவும் முடியாது, அவசரத்தில் கழற்றவும் முடியாது. மார்புப் பையில் போன், கத்தி, சாவிக்கொத்து எல்லாம் திணித்து மேலே ஜாக்கெட்டை மாட்டினால், அவை விலாவில் குத்துவதோடு, தேவைப்படும்போது கைக்கும் எட்டா. ஜாக்கெட் இல்லாத நேரத்தில் குனிந்தால் அதே பையிலிருந்து முதலில் தண்ணீரில் விழுவது போன்தான்.

அளவு பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. டங்கரீஸின் அளவை இடுப்பு தீர்மானிப்பதில்லை; தோளிலிருந்து தொடையிடுக்கு வரை உள்ள நீளமே தீர்மானிக்கிறது. நிற்கும்போது கச்சிதமாக இருப்பது, குந்தி உட்கார்ந்ததும் தோளையும் தொடையிடுக்கையும் ஒருசேர இழுக்கும். கடையிலேயே குந்தி உட்காருங்கள், முழங்காலிடுங்கள், துடுப்பு போடுவதுபோல் இடுப்பைத் திருப்பிப் பாருங்கள். முழங்காலுக்கு நேர் கீழே தடித்த தையல் ஓடினால் அதை வாங்க வேண்டாம், ஒரு மணி நேரம் முழங்காலிட்டால் அந்தத் தையல் தோலில் பதிந்துவிடும். தொழிற்சாலைகளில் அணியும் பாய்லர் சூட்டை இதற்குப் பதிலாக வாங்குகிறவர்களும் உண்டு. அது கையும் கழுத்தும் மூடிய வேறு உடை, நம் வெயிலில் படகுக்கு அறவே ஒவ்வாது.

கூச்சம் காரணமாக யாரும் பேசாத ஒன்று, காட்டில் ஒதுங்க வேண்டிய நேரம். ஆண்களுக்குப் பாதி நேரமாவது ஜிப் உதவும். பெண்கள் ஒவ்வொரு முறையும் மேல்சட்டை, ஜாக்கெட் எல்லாவற்றையும் கழற்றி, வார்களை அவிழ்த்து, முழு உடையையும் இறக்க வேண்டும். வார்கள் தரையில் புரண்டு ஈரமாகும். இந்தச் சிரமத்துக்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களை நான் அறிவேன். சித்திரை வெயிலில் துடுப்பு போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமலிருப்பது மயக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும் கொண்டுபோய் விடும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்பக்கம் அகலத் திறக்கும் ஜிப் வைத்த டங்கரீஸ்கள் வெளிநாட்டுக் கடைகளில் பெண்களுக்கென்றே கிடைக்கின்றன. அது கிடைக்காவிட்டால் வார்களை இறக்கும்போது முன்பக்கம் முடிச்சிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதுவும் தொல்லை என்றால், அந்தப் பயணத்துக்கு டங்கரீஸை விட்டுவிட்டுச் சாதாரணப் பேன்ட் அணிவதில் எந்தக் குறையும் இல்லை.

கூடாரத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. படகில் நன்மை செய்த நைலான், தீயருகே பகையாகிவிடும். ஒரு பொறி விழுந்தாலே உருகி ஓட்டை விழும், உருகியது தோலில் ஒட்டினால் புண் ஆழமாகும். பருத்தி உருகாது என்றாலும் தீப்பற்றும், தளர்வாகத் தொங்கும் வார் அடுப்பின் மேல் சாய்வது எளிது. சமைக்கும்போது வார்களை இறுக்கி மாட்டுங்கள் அல்லது உலர்ந்த பருத்தி உடைக்கு மாறிவிடுங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டில் 40 மலையேற்றப் பாதைகள் முறையான அனுமதியோடு திறக்கப்பட்ட பிறகு ஆனைமலை, நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அங்கே மழைக்காலத்தில் அட்டை உண்டு. அகன்ற காலுடைய டங்கரீஸ் அட்டைக்கு வாசல் திறந்துவைத்ததுபோல. நீளமான அட்டைக் காலுறைக்குள் கீழ்ப்பகுதியைச் செருகிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு அணிவிக்கும்போது மட்டும் இரட்டிப்புக் கவனம் தேவை. அழகாக இருக்கிறது என்று படகுத்துறைக்குக் குழந்தையை டெனிம் டங்கரீஸில் அழைத்து வருவதை வாரந்தோறும் காண்கிறேன். குழந்தைகளின் லைஃப் ஜாக்கெட்டில் கால்களுக்கிடையே ஒரு பட்டை வரும்; தண்ணீரில் ஜாக்கெட் தலைக்கு மேலே கழன்றுவிடாமல் தடுப்பது அந்தப் பட்டைதான். டங்கரீஸின் தடித்த தையலும் பைகளும் குறுக்கே வந்தால் பெற்றோர் அதைத் தளர்வாக விட்டுவிடுகிறார்கள், சிலர் மாட்டுவதே இல்லை. குழந்தைக்கு மெல்லிய அரைக்கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டு அந்தப் பட்டையைச் சரியாக இறுக்குங்கள். ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது குழந்தையின் காதுவரை ஏறாமல் நின்றால் படகில் ஏற்றலாம்.