இன்ஜினைப் பிரிக்கும் முன் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ மாதிரி டர்போ காரில் இன்ஜின் அடிவாங்கினால், ரிப்பேர் போதுமா, மொத்தமாகப் பிரித்துக் கட்ட வேண்டுமா என்பதைப் பழைய ஆயில் ஃபில்டரே பாதி சொல்லிவிடும். அதை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளைப் பிழிந்து வெயிலில் விரியுங்கள். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்புச் செதில்கள் தெரிந்தால் பேரிங்கையோ பிஸ்டனையோ சந்தேகப்படலாம். சிறு ரிப்பேர் என்ற பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

தாள் சுத்தமாக இருந்தால் அப்புறம் லீக்டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டரிலிருந்து காற்று எந்த வழியாகக் கசிகிறது என்று பார்ப்பது. வால்வுகள் மூடியிருக்கும் கம்ப்ரஷன் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிவிட்டுக் காது கொடுங்கள். சைலன்ஸர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு). இரண்டுக்கும் ஹெட் வேலை போதும். ஆயில் ஊற்றும் மூடி வழியாகச் சீறினால் ரிங் அல்லது பிஸ்டன். இந்த 2.5 லிட்டர் டர்போ இன்ஜினில் பிஸ்டனின் ரிங் வரம்பு (ரிங்குகள் உட்காரும் பள்ளங்களுக்கு இடையே உள்ள விளிம்பு) உடைவது பேர்போன விஷயம்.

ஒரே ஒரு பிஸ்டன் மாற்றினால் செலவு குறையும் என்று தோன்றும். ஆனால் படுக்கை வாட்டில் இருக்கும் பாக்ஸர் இன்ஜின் இது; பிஸ்டனைத் தொட எப்படியும் வெளியே இறக்கியாக வேண்டும். கூலி போனது போனதுதான். என்னைக் கேட்டால் நான்கு சிலிண்டர் துளைகளையும் (போர்) அளந்து, எல்லா பேரிங்கையும் மாற்றிவிடுவேன்.

செதில் ஓடிய இன்ஜினில் ஆயில் கூலரைக் கழுவி மாட்டாதீர்கள், புதிது வாங்குங்கள். அதன் மெல்லிய குழாய்களில் சிக்கிய துகள் நேராகப் புது பேரிங்குக்குத்தான் போகும்.