அவசரப் பெட்டியில் இருந்த பொட்டாசியம்

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வெள்ளமோ புயலோ வந்து வழி அடைபட்டால் ஒரு முறை தவறிப்போகலாம் என்று 3 நாளுக்கான உணவு, தண்ணீர், மாத்திரை எல்லாம் ஒரு பெட்டியில் எடுத்து வைத்திருந்தேன்.

இரண்டு மாதமாக, டயாலிசிஸுக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6-க்குக் கீழே இறங்கவில்லை. சிறுநீரகம் வெளியேற்றாமல் அது ரத்தத்தில் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. பழங்களை நிறுத்தினோம். காய்களை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்தோம். மாத்திரைகளை மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாதிரியில் ரத்த அணுக்கள் உடைந்தாலும் அளவு பொய்யாக ஏறுமாம், மறுபடி எடுத்தார்கள். அதே அளவுதான்.

கடைசியில் பிடி கிடைத்தது குப்பைக்கூடையில். காலாவதி நெருங்கிய சூப் பாக்கெட்டுகள் வீணாகக் கூடாதென்று பெட்டியிலிருந்து எடுத்து மாலையில் அவருக்குக் கொடுத்து வந்தோம். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘சோடியம் குறைவு’. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். பின்பக்கம், ஒட்டிய மடிப்புக்கு அடியில், பொடி எழுத்தில் ‘பொட்டாசியம் குளோரைடு’. உப்புச் சுவைக்காக சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது. பெட்டியில் இருந்த ‘லோ சோடியம்’ உப்பிலும் அதேதான். டயாலிசிஸ் தவறும் நாளில் இதைச் சாப்பிட்டிருப்பாரே என்று நெஞ்சு பதறியது.

பெட்டியை அப்படியே சிறுநீரக உணவு நிபுணரிடம் தூக்கிக்கொண்டு போனேன். பாதியை எடுத்துவிட்டு மாற்று எழுதிக் கொடுத்தார். அடுத்த பரிசோதனையில் 5.1.

மூடியின் உள்பக்கம் அப்பாவின் உலர் எடை (மிகுதி நீர் நீங்கிய பின் இருக்க வேண்டிய எடை), டயாலிசிஸ் விவரம், மாத்திரை அளவு எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் சிவப்பு மையில் ‘பொட்டாசியம் குளோரைடு கூடாது’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன், பெட்டியை வேறு யார் நிரப்பினாலும் கண்ணில் படட்டும் என்று.