நெட்லோகோவில் முதல் போர்க்கள மாடல்: விடை தெரிந்த சண்டையிலிருந்து தொடங்குங்கள்

ஏஜென்ட் சிமுலேஷன் (ஒவ்வோர் ஆளும் தனக்கான விதிப்படி தானே நடக்கும் கணினி மாடல்) என்றதும் மலை, டாங்கி, புகை என்று வரைய உட்கார்ந்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட மாடல்களை எழுதி ஓட்டும் மென்பொருளான நெட்லோகோவில் இரண்டு நிறப் புள்ளிகள் போதும். விடை முன்பே தெரிந்த ஒரு சண்டையை ஓட்டி, அதே விடை வந்தால்தான் மாடலை நம்பி மேலே போகலாம்.

படி 1: விடையைத் தாளில் போடுங்கள்
இதற்கு 1916-இல் பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் வெளியிட்ட வர்க்க விதி இருக்கிறது: படையின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. எல்லோரும் எதிரியைப் பார்த்துக் குறிவைத்துச் சுடுகிறார்கள், திறமையும் சமம் என்று வையுங்கள். நீலம் 100, சிவப்பு 80. வர்க்கங்களைக் கழித்தால் 3,600. அதன் வர்க்கமூலம் 60. சிவப்பு முழுக்க அழியும்போது நீலத்தில் 60 பேர் மிஞ்ச வேண்டும்.

படி 2: ஏஜென்ட்டுகளை உருவாக்குங்கள்
நெட்லோகோ இலவசம். 100 நீலம், 80 சிவப்பு. இப்போதைக்கு யாரும் நகர வேண்டாம்.

படி 3: சுடும் விதி
ஒவ்வொரு டிக்கிலும் (மாடலின் ஒரு நேரப் படி) ஒவ்வொரு ஏஜென்ட்டும் ஏதாவது ஓர் எதிரியைக் குறிவைக்கும். குண்டு படும் வாய்ப்பு 0.01. ‘ஆஸ்க் டர்டில்ஸ்’ (நெட்லோகோவில் நகரும் ஏஜென்ட்டின் பெயர் டர்டில்) என்று எல்லோரையும் ஒரே கட்டளையில் கூப்பிடுங்கள், வரிசை தானாகக் கலைந்துகொள்ளும். நீலத்தை முதலிலும் சிவப்பை அடுத்தும் கூப்பிட்டால், செத்த சிவப்பு திருப்பிச் சுடாது. நீலத்துக்கு ஓசியில் ஒரு சலுகை. படும் வாய்ப்பைக் கூட்டக் கூட்ட இந்தச் சலுகையும் பெருக்கும்.

படி 4: பலமுறை ஓட்டுங்கள்
மாடலைத் திரும்பத் திரும்ப ஓட்டும் நெட்லோகோ கருவியான பிஹேவியர்ஸ்பேஸில் சில நூறு தடவை. மிஞ்சும் நீலத்தின் சராசரி 60-ஐ ஒட்டி வராவிட்டால் படி 3-க்குத் திரும்புங்கள்.

படி 5: இனி விதியை உடையுங்கள்
சுவாரசியம் இங்கேதான். நீலத்தை ஐம்பது ஐம்பதாக இரண்டு மூலையில் நிறுத்துங்கள். சிவப்பு ஒவ்வொரு பாதியாக மோதினால், தாள் கணக்குப்படி சுமார் 37 பேரோடு சிவப்பே ஜெயிக்கும்! ஆனால் நிஜத்தில் மறுபாதி வேடிக்கை பார்க்குமா? அதனால் பார்வைத் தூரமும் நகர்வு விதியும் சேருங்கள்: கூட்டாளி, எதிரி, இலக்கு ஒவ்வொன்றின் பக்கமும் எவ்வளவு இழுக்கும் என்று ஓர் எடை. ஆய்வாளர் இலாச்சின்ஸ்கி உருவாக்கிய ஐன்ஸ்டைன், நியூசிலாந்தின் மானா போன்ற போர்க்கள மென்பொருள்களின் அடிப்படையும் இதுதான். எந்தப் பார்வைத் தூரத்தில் உதவி நேரத்துக்கு வந்து சேர்கிறது என்பதைத் தாளில் போட முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: நெட்லோகோவின் உலகம் இயல்பாகவே விளிம்புகள் ஒட்டியது, வலது ஓரத்தைத் தாண்டினால் இடது ஓரத்தில் வந்து நிற்கும். எதிரெதிர் மூலைகள் உண்மையில் அண்டை வீடுகள். செட்டிங்ஸில் கிடைமட்டம், செங்குத்து என்ற ‘ராப்’ (விளிம்பு ஒட்டல்) இரண்டையும் அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

படி 6: பின்வாங்கல்
கடைசி ஆள் வரை சண்டை போடுவது அபூர்வம். சுற்றியிருக்கும் கூட்டாளிகள் பாதிக்கும் கீழே குறைந்தால் ஓடு என்று ஒரு வரி சேருங்கள். படி 5-இன் முடிவு அதற்கும் நிலைக்கிறதா என்று திரும்ப ஓட்டுங்கள்.