நைட் கோர்ட்டை எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

இருபத்தெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தபோது, பனி கொட்டிய நாட்களில் உட்கார்ந்து பார்த்த பழைய அமெரிக்க டிவி காமெடித் தொடர்தான் ‘நைட் கோர்ட்’. மன்ஹாட்டனில் ராத்திரி நடக்கும் ஒரு கோர்ட்தான் கதைக்களம். 1984 முதல் 1992 வரை என்பிசி சேனலில் ஓடியது. ஒன்பது சீசன், 193 எபிசோட். வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். நான் விட்டேன்.

ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். முதல் சீசனில் வரும் இலவச வக்கீலம்மா அடுத்ததில் இல்லை. அடுத்து வந்தவரும் ஒரு சீசனோடு சரி. பெய்லிஃபாக, அதாவது கோர்ட்டில் ஒழுங்கு பார்க்கும் காவலராக நடித்த செல்மா டயமண்ட் 1985இல் இறந்துபோனார். அந்த இடத்துக்கு வந்த ஃப்ளாரன்ஸ் ஹேலப்பும் மறு வருஷமே போய்விட்டார். நாலாவது சீசனில் மார்ஷா வார்ஃபீல்ட், ராஸ் என்ற பெய்லிஃபாக வந்த பிறகுதான் கோர்ட் நிலைக்கு வருகிறது.

அதனால் முதல் எபிசோடை மட்டும் பார்த்துவிடுங்கள். பதவி முடியும் கடைசி நாளில் மேயர் ஒவ்வொருவராகக் கூப்பிட, வீட்டில் இருந்து போனை எடுத்த ஒரே ஆள் என்பதால் ஹாரி ஸ்டோன் ஜட்ஜ் ஆன கதை அதில் இருக்கிறது. ஹாரியாக நடித்த ஹாரி ஆண்டர்சன் நிஜத்திலும் மேஜிக் வித்தைக்காரர். அப்புறம் நேராக நாலாவது சீசனுக்குத் தாவுங்கள். ஆட்கள் பழகிய பின் பழையதற்குத் திரும்பினால் செல்மாவின் கரகரத்த குரல் இன்னும் பிடிக்கும்.

பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். யார் வசனம் பேசினாலும் கண் அரசு வக்கீல் டேன் ஃபீல்டிங் மேலேயே இருக்கட்டும். அழகான பெண் ஒருத்தி உள்ளே வந்தால் போதும், மனுஷனுக்கு முதுகு நிமிரும், பல் தெரியும், கேஸ் கட்டு மறந்துபோகும். அந்த ஜான் லாரக்கெட்டுக்கு 1985 முதல் 1988 வரை தொடர்ந்து நாலு எம்மி என்ற டிவி விருது. பிறகு அவரே ‘என் பெயரைச் சேர்க்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்.

சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ‘அரெய்ன்மென்ட்’ என்று அடிக்கடி காதில் விழும். கைதானவரை முதல்முறையாக ஜட்ஜ் முன் நிறுத்துவது அது. குற்றச்சாட்டைச் சொல்லி, ஜாமீனா உள்ளேயா என்று அங்கே முடிவாகும். நம்ம ஊர் ரிமாண்டுக்குக் கிட்டத்தட்டப் பக்கம். கேஸ்கள் பஸ் ஸ்டாண்ட் கூட்டம்போல வந்து போவது அதனால்தான். சாட்சிக் கூண்டில் நாள்கணக்கில் இழுக்கும் விசாரணையை எதிர்பார்க்காதீர்கள். ‘டைம் சர்வ்ட்’ என்றால் இதுவரை உள்ளே இருந்ததே தண்டனை, வீட்டுக்குப் போகலாம்.

நியூயார்க் போனால் நிஜத்தையும் பார்த்துவிடுங்கள். மன்ஹாட்டனில் 100, சென்டர் ஸ்ட்ரீட். மாலை 5 மணியிலிருந்து இரவு 1 மணி வரை நடக்கும் அரெய்ன்மென்டை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். வாசலில் பையைச் சோதிப்பார்கள். போனை அணைத்துவிட்டு உள்ளே போங்கள். நான் மறந்துவிட்டேன். ஊரிலிருந்து என் தம்பி கூப்பிட, நாதஸ்வர ரிங்டோன் முழுசாக ஒலித்தது. அங்கிருந்த ஆபீசருக்குத் தொடரில் வரும் நெட்டை பெய்லிஃப் ‘புல்’ (Bull) அளவு உயரமில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வைக்கு, போனை அணைப்பதற்குள் மருமகன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.