தரங்கம்பாடியில் தனியாக இரண்டு நாள்: மனதின் அவசரம் குறைந்த வழி

தனியாகப் பயணம் போயும் மனம் அடங்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல். சிதம்பரம், பூம்புகார், நாகூர் என்று ஒரே நாளில் அடுக்கினால் அடுத்த பேருந்து எப்போது என்பதே மண்டையில் ஓடும். எனக்குப் பலன் தந்தது ஒரே ஊர், இரண்டு இரவு.

மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பேருந்தில் சுமார் 30 கி.மீ. சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டம். தோளில் ஒரே பை, 5 கிலோவுக்குள்.

விடியும் முன் கடற்கரைக்குப் போய்விடுங்கள். கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் கை தானாகக் கைப்பேசியைத் தேடும். அணைத்துப் பையில் வைத்தாலும் எடுத்துவிடுவோம். அறையிலேயே விட்டுவிட்டுக் கைக்கடிகாரம் கட்டிப் போவதுதான் சரி.

பிறகு ராஜ வீதி. ஊரின் நுழைவாயிலிலிருந்து 1620-இல் டேனியர் (டென்மார்க் நாட்டவர்) கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை வரை கொஞ்ச தூரம்தான், ஒரு மணி நேரம் எடுத்து நடக்கலாம். சீயோன் தேவாலயம் (1701), புதிய எருசலேம் தேவாலயம் (1718) இரண்டையும் ஒரே நாளில் முடிக்காதீர்கள்.

பதினொன்று முதல் நான்கு வரை வெயிலில் அலைந்தால் தலைவலியும் எரிச்சலும்தான் மிஞ்சும். தூங்குங்கள்.

இரண்டாம் நாள் காலை சலிப்பு தட்டும். பலர் அப்போதே மூட்டை கட்டுகிறார்கள். மாலை வரை பொறுங்கள், மூச்சும் நடையும் நிதானமாவது அதற்குப் பிறகுதான். ஜனவரி, பிப்ரவரி ஏற்ற மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை.