டைவ் வாட்ச்சில் பெசல் இன்செர்ட் மாற்றும்போது முக்கோணம் நேராக நிற்க

வாட்ச் கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் வளையம்தான் பெசல்; அதன் மேல் ஒட்டியிருக்கும், நிமிட எண்கள் கொண்ட தட்டை வளையம்தான் இன்செர்ட். பழைய இன்செர்ட்டைக் கழற்றுவது பெரிய வேலையில்லை. வாட்ச் கேஸைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, மெல்லிய பிளேடை இன்செர்ட்டின் விளிம்பில் நுழைத்து, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். அலுமினியம் வளைந்துவிடும், மறுபடி பயன்படாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செராமிக் வளையாது, உடைந்துவிடும். அதனால் முதலில் ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கிப் பசையை இளக்குவது அவசியம். மிச்சப் பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர விடுங்கள்.

கவனம் முழுக்க வேண்டியது இனிமேல்தான். 120 கிளிக் பெசலில், அதாவது ஒரு முழுச் சுற்றில் 120 இடங்களில் 'கிளிக்' என்று நிற்கும் பெசலில், ஒரு கிளிக் என்பது அரை நிமிடம், அதாவது 3 டிகிரி. பெசல் இரண்டு கிளிக்குக்கு நடுவில் நிற்கும்போது இன்செர்ட்டை ஒட்டிவிட்டால், அதில் 0 நிமிடத்தைக் குறிக்கும் முக்கோணம் என்றைக்கும் 12-க்கு நேராக வராது. ஆகவே முதலில் பெசலை ஒரு கிளிக்கில் உட்கார வையுங்கள். லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, அது இயல்பாக நிற்கும் இடத்திலேயே விடுங்கள்.

இன்செர்ட்டை ஒட்டாமல் மேலே வைத்து, ஒரு கண்ணை மூடி, நேர் மேலிருந்து பாருங்கள். சாய்வாகப் பார்த்தால் கண் ஏமாற்றும். முக்கோணத்தை மட்டும் நம்பாதீர்கள். 30-ம் எண் டயலின் 6-க்கு நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டும் பொருந்திய பிறகே டபுள் சைடு டேப்பின் தாளை உரியுங்கள். முதலில் 12 பக்கம், அடுத்து எதிரே 6, பிறகு சுற்றிலும் விரலால் சமமாக அழுத்துங்கள். இதற்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும், அடுத்த முறை கழற்றவும் விடாது.